வண்டியைக் கேட்டால் கொடுக்காதே, மகன்

மகன்,

ஸலாம். நானும் உம்மாவும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உம்மா சுகம். நானும் இடுப்புக்கு மேலே சுகம். இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது, ஆகவே அதை நீ கேட்க வேண்டாம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஃபோனில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை. கத்தார் வெயிலில் வேலை முடித்துக் களைத்துப்போய் எடுக்கிறாய். எடுத்ததும், "வாப்பா, அந்தப் பிரச்சினை முடிஞ்சுதா?" என்கிறாய். நான் வாயைத் திறந்தால், "சரி சரி, நான் காசு அனுப்புறேன், நீங்க பேசாம இருங்க" என்கிறாய். பேசாமல் இருக்கிற ஆள் நான் இல்லை என்பது நீ பிறந்த நாளிலிருந்தே உனக்குத் தெரியும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அந்த வசதிக்காகத்தான் இது. அடுத்த மாதம் நிக்காஹ்வுக்கு வருகிறாய். வருவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. உன் அறையில் இருக்கும் நம் கண்டக்குழி ஊர்ப் பொடியன்மாருக்கும் வாசித்துக் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்ததால்தான் இவ்வளவும் வந்தது.

நீ என்மீது கோபமாக இருக்கிறாய். காரணம் எனக்குத் தெரியும். "அந்தக் கார்டைக் குடுத்துட்டு வண்டிய எடுங்க வாப்பா, மானம் போகுது" என்று அன்றைக்குச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தில்லையடியில் பெண் வீட்டாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்க, சின்னக் கொடுப்பனவு ஒன்றுக்காக இந்த மனுசன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாரே என்று நீ நினைத்தாய். அந்தக் காசு என்ன காசு என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் எப்படிப் படுத்தேன் என்பது உனக்குத் தெரியும். கடல் அட்டை பிடிக்கக் காற்றுச் சிலிண்டரோடு முழுகினேன். அன்றைக்குப் போதும் என்று உடம்பு சொன்னது, இன்னொரு சிலிண்டர் போடு என்று கரை வாடியில் சம்மாட்டி முதலாளி சொன்னார், நான் சம்மாட்டியின் பேச்சைக் கேட்டேன். ஆழத்திலிருந்து ஆறுதலாக ஏற வேண்டியவன் அவசரமாக ஏறினேன். போட்டில் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன், எழும்பப் பார்த்தேன், கால் இல்லை. காலைத் தொட்டுப் பார்த்தால் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோய் என்னென்னவோ செய்தார்கள். சம்மாட்டி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

தெரியாதது இது. முதுகு போனவனுக்குக் கால் மட்டும் போவதில்லை, மூத்திரமும் போகும். வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. அதற்கு ஒரு குழாய், ஒரு பை. குழாயைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், பையை அடிக்கடி மாற்ற வேண்டும். படுக்கைப் புண் வராமல் இருக்கப் பஞ்சு, மருந்து, உறை. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் சில நேரம் கிடைக்கும், பல நேரம் "வெளியில எடுங்க" என்பார்கள். அரசாங்கம் மாற்றுத்திறனாளி என்று எனக்குப் போடுகிற கொடுப்பனவு வங்கிக்கு விழுந்ததும் உம்மா முதலில் போவது பாமசிக்குத்தான். சோற்றுக்கு என்னிடம் வேறு வழி இருக்கிறது. கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் பெட்டியைக் கட்டி, துறையில் தூண்டில், நைலோன் நரம்பு, மெழுகுதிரி, ஃபோன் ரீலோட் என்று விற்கிறேன், அதில் சோறு ஓடும். கொடுப்பனவு சோற்றுக்கு இல்லை. அந்தப் பைக்கும் குழாய்க்கும்தான். மகனிடம் மூத்திரப் பையைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே நீ அதை வாப்பாவின் வெற்றிலைக் காசு என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அது உன் பிழை இல்லை.

இப்போது கடனுக்கு வருகிறேன். உனக்கு விசா கிடைத்துப் போன பிறகு உம்மா சும்மா இருக்கவில்லை. நம் வீதிப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து குழுவாகக் கடன் எடுத்தார்கள், ஒருத்திக்கு மற்றவள் பிணை. உம்மா அந்தக் காசில் ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கினாள். ஐஸ் பக்கெட் விற்றாள், லொட்ஜ்களுக்கு மீன் சுத்தம் செய்து வைத்துக் கொடுத்தாள். நல்லாகத்தான் போனது. வாரத்துக்கு ஒரு தரம் அந்தக் கம்பனிப் பொடியன் மோட்டார் சைக்கிளில் வருவான். உம்மா அவனுக்குத் தவணைத் தம்பி என்று பெயர் வைத்தாள். நல்ல பொடியன்தான். "மாமா, சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கைத் திறப்பான். நான் கடிக்க முறுக்குக் கொடுப்பேன், குடிக்கப் பிளேன்ரீ கொடுப்பேன்.

பிறகு உம்மாவுக்குப் பித்தப்பையில் கல். புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வெட்டி எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தும் பாரம் தூக்க ஏலாது. ஃப்ரீசர் காலியாகக் கிடந்தது, தவணை விட்டுப்போனது. உனக்கு அறிவித்தோமா? இல்லை. உனக்கு அங்கே சம்பளம் பிந்துகிறது என்று கேள்விப்பட்டு உம்மா சத்தியம் வாங்கிவிட்டாள், உனக்குச் சொல்லக்கூடாது என்று. அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

தவணைத் தம்பி அப்போதுதான் தன் மற்ற முகத்தைக் காட்டினான். அவன் சத்தம் போடவில்லை, மகன். சத்தம் போட்டால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். பின்னேரம் அஸருக்கு வந்தவன் பொழுதுபட்டு மஃரிபுக்கும் போகவில்லை. வீதியில் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். குழுப் பெண்கள் வேலியில் வந்து நின்றார்கள், உம்மா கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும், அவர்கள் முகத்தை உம்மாவால் பார்க்க முடியவில்லை. அப்போது அவன் குனிந்து, மிக மரியாதையாக, ஒன்று சொன்னான்.

"மாமா, வருத்தக்கார ஆள் நீங்க. மௌத்து எப்ப வரும் எண்டு யாருக்கும் தெரியாது. ஜனாஸாவுல உங்கட மகன் எழும்பி நிண்டு, வாப்பாக்கு யாராச்சும் கடன் குடுத்தீங்களா எண்டு கேக்கக்குள்ள, நாங்க வந்து நிக்கவா?"

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மையித்தை வைத்துத் தொழுவதற்கு முன்னால் வாரிசு எழும்பி நின்று, இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு என்று சொல்வான். எத்தனை ஜனாஸாவில் அதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், என் முறை வரும்போது யாரும் அசையக்கூடாது என்று நினைப்பேன். அவன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, கொடுப்பனவு எடுக்கிற கார்டைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தேன். "இது அமானிதம், தம்பி" என்றேன். அமானிதம் என்று கையில் வைத்தால் பொருளுக்குச் சேதம் வராது, கேட்கும்போது திருப்பித் தருவான் என்று நாம் வளர்ந்த முறை அப்படி. அவன் "நம்பர்?" என்று கேட்டான். அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு நன்றியும் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே இரண்டு போட வேண்டும்போல் இருக்கிறது. அமானிதத்தை ஒரு மனிதனிடம் வைக்கலாம். அவன் மனிதனாக வரவில்லை, கம்பனியாக வந்திருந்தான்.

அடுத்த மாதம் கொடுப்பனவு விழுந்தது. அவன் முழுவதையும் எடுத்துவிட்டான். மிச்சம் தருவான் என்று நினைத்தேன், தண்டப் பணம் என்று ஒன்று இருக்கிறதாம், மிச்சம் அதற்குப் போனதாம். அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. நான் பழைய பையைக் கழுவிக் கழுவிப் பாவித்தேன். குழாயை மாற்றவில்லை. உம்மாவிடம் மாற்றியாயிற்று என்று பொய் சொன்னேன். காய்ச்சல் வந்து நடுங்கியபோது கடல் காற்று என்றேன். ஹயர் ஓட்டுகிற மஜீது நானாவின் த்ரீவீலரில் என்னைப் போட்டுக் கொண்டுபோனபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வி, இந்தக் குழாய் எப்போது போட்டது என்பது. உம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கிருமி கிட்னிக்கு ஏறியிருந்தால் அத்தோடு சரி என்றார் டொக்டர். நோன்பு காலத்தில் நான் ஃபோனைத் தூக்கவில்லை என்று கோபித்தாயே, அப்போது நான் வார்டில் கிடந்தேன்.

வார்டிலிருந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, மஜீது நானாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்தியது. தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். "தொலையல்ல, நான்தான் தொலைச்சேன்" என்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு விளங்கவில்லை, சிரித்தது. புதுக் கார்ட் தந்தார்கள், புது நம்பரும். தவணைத் தம்பிக்கு நானே ஃபோன் பண்ணிச் சொன்னேன். "தம்பி, கடன் இருக்குது, இல்லையெண்டு நான் சொல்லல்ல. தூண்டில் வித்த காசுல கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுறேன். ஆனா கொடுப்பனவுல கை வைக்காத." அவன் ஃபோனை வைத்துவிட்டான். சரி மாமா என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் பள்ளிக்குப் போனேன். வழமைபோல வண்டியைக் கை கால் கழுவுகிற ஹவுளுக்குப் பக்கத்துச் சுவரோடு நிறுத்திவிட்டு, இறங்கிக் கையை ஊன்றி உள்ளே போய்ப் பின் ஸப்பு வரிசையில் இருந்தேன். தொழுது முடித்து வாசலுக்கு வந்தால் வண்டி இல்லை. பெட்டியும் இல்லை, அதோடு கட்டியிருந்த குடையும் இல்லை. யாராவது பொடியன்மார் விளையாட்டுக்கு ஓட்டிப் போயிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது, பிந்தி வந்து வாசலில் தொழுத ஒருவர், "உங்கட வண்டி ரிப்பேருக்குப் போகுது எண்டு சொன்னாங்களே நானா, பட்டா லொறியில ஏத்தினாங்க, பாரமா இருந்திச்சு, நானும் ஒரு கை குடுத்தேன்" என்றார். அட, என் வண்டியைக் களவெடுக்க எனக்கு ஸலாம் சொல்கிற மனுசனே கை கொடுத்திருக்கிறார்! கம்பனிச் சட்டை போட்ட இரண்டு பேராம். எல்லோரும் உள்ளே இருக்கிற நேரம் என்று தெரிந்துதான் ஜும்ஆ நேரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். குத்பாப் பிரசங்கத்துக்கு உள்ளே இருக்க வேண்டிய ஒருவனுக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் தரையில் இருக்கிறேன், எல்லோருடைய முழங்கால்களும் என் முகத்துக்கு நேரே. விசயம் விளங்கியதும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கடன் எடுத்தாக் குடுக்கத்தானே வேணும்." யார் சொன்னது என்று நிமிர்ந்து பார்த்தேன், வெயிலில் முகம் தெரியவில்லை. எனக்கு வாயில் பதில் வரவில்லை, மகன். எனக்கு! ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். கடன்பட்டவன் சாமானை எடுத்தால் கேட்க உரிமை இல்லை என்று என் மனதிலும் இருந்தது. மஜீது நானா கல்பிட்டிக்கு ஹயர் போயிருந்தார், த்ரீவீலர் இல்லை. கதிரையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள், எனக்கு இடுப்புப் பிடி இல்லை, சரிந்து சரிந்து விழுந்தேன். கடைசியில் பள்ளியில் இருந்த தடித்த விரிப்பில் என்னைப் படுக்க வைத்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஜும்ஆ முடித்த சனம்.

உம்மா அந்த நேரம் வேலியடியில் நின்றிருக்கிறாள். பள்ளிப் பக்கமிருந்து நாலு பேர் எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பின்னால் கூட்டம் வருகிறது, யாரும் பேசவில்லை. அவள் என்ன நினைப்பாள்? "யா அல்லாஹ்" என்று போட்ட சத்தம் துறைவரைக்கும் கேட்டதாம். விழுந்துவிட்டாள். வெட்டித் தைத்த வயிறு. நான் விரிப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஏய், நான் உசிரோடதான் இருக்கேன், எழும்பு" என்று கத்துகிறேன், அவளுக்குக் கேட்கவில்லை. என்னைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்த பிறகுதான் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அந்த அடி எனக்கு வலித்தது, சந்தோசமாகவும் இருந்தது. ஆனால் அந்த மனுசியை அப்படிச் சத்தம் போட வைத்ததை நான் மன்னிக்க மாட்டேன். கடனை மன்னிக்கலாம், தண்டப் பணத்தை மன்னிக்கலாம், அதை மாட்டேன்.

அன்றைக்குத்தான் நீ ஃபோன் எடுத்தாய். யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். நீ அழுதாய், பிறகு கோபித்தாய், பிறகு, புதுக் கார்டைத் தந்தால் வண்டியைத் தருவோம் என்று கம்பனி சொல்லி அனுப்பியதைக் கேட்டு, கார்டைக் கொடுக்கச் சொன்னாய். நான் மாட்டேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் நீ தவணைத் தம்பிக்கு நேரே ஃபோன் பண்ணி, முழுக் கடனுக்கும் நான் பொறுப்பு, ஏதும் கடதாசி அனுப்பினால் ஒப்பம் வைக்கிறேன் என்று சொன்னதையும் கேள்விப்பட்டேன். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த ஒப்பத்தை இதுவரைக்கும் வைக்கவில்லை என்றால், வைக்காதே. அது கம்பனிக்குக் காசு கொடுக்கிற ஒப்பம் மட்டும் இல்லை. நாளைக்கு நீ கட்டாவிட்டால் தில்லையடி விறாந்தையில், உன் பெண்சாதிக்கு முன்னால், கதிரை போட்டு உட்கார அவனுக்குக் கொடுக்கிற ஒப்பம்.

திங்கட்கிழமை மஜீது நானா என்னைப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார். இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஓர் இடம் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம். அங்கே இருந்த சட்டத்தரணி சிலாபத்துப் பெண், சிங்களப் பிள்ளை, தமிழ் நல்லாகக் கதைத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "மிஸ், கடன் எடுத்தது உண்மைதான்" என்று தொடங்கினேன். அந்தப் பிள்ளை கையைக் காட்டி நிறுத்தியது.

"கடன் ஒரு கதை. வண்டி வேற கதை. கோர்ட் ஓடர் காட்டினாங்களா?"

"இல்ல மிஸ்."

"கோர்ட்டு ஆள், பிஸ்கால் வந்தாரா?"

"கம்பனிச் சட்டை போட்ட ரெண்டு பேர்தான் வந்தாங்க."

"அப்ப அது களவு. வாப்பா, நீங்க கடன்காரர், சரி. அவங்களுக்குக் காசு வேணுமெண்டா வழக்குப் போடணும். தீர்ப்பு வரணும். பொறகு கோர்ட்டுல இருந்து பிஸ்கால் வரணும். அவர் வந்தாலும் உங்கட கட்டில், உடுப்பு, நீங்க உழைக்கிற சாமான், அதையெல்லாம் தூக்க ஏலாது. அந்த வண்டியிலதானே வியாபாரம் செய்றீங்க?"

"ஓம் மிஸ். அதுலதான் உழைக்கிறேன், அதுதான் என்ட காலும்."

"பொறகு என்ன?"

நான் கொடுப்பனவைப் பற்றிக் கேட்டேன். அது அரசாங்கம் உங்கள் உடம்பைப் பார்த்துத் தருவது, தவணைக்குத் தருவது இல்லை, வழக்குக்கு வந்தால் அதற்கும் நாங்கள் வாதாடுவோம் என்றது. பிறகு கொஞ்சம் ஏசியது: "ஆனா கார்டையும் நம்பரையும் நீங்களே கையில குடுத்தா, எந்தச் சட்டம் வந்து பிடிக்கும்? இனி யாருக்கும் குடுக்காதீங்க. உங்கட மகனுக்கும் குடுக்காதீங்க." நான் சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நான் குனிந்த தலையோடு உள்ளே போனவன், வெளியே வரும்போது மஜீது நானாவிடம் பசிக்குது, கொத்து ரொட்டி வாங்கித் தாங்க என்று கேட்டேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம், சட்டத்தரணி கம்பனிக்கு ஒரு கடிதம் போட்டது. வாரம் முடிய முதல் அதே பட்டா லொறியில் வண்டி வந்தது. ஒரு டயர் காற்றுப் போயிருந்தது, பெட்டியில் தூண்டில் பாதி இல்லை, குடை போனது போனதுதான். தவணைத் தம்பிதான் இறக்கினான். என் முகத்தைப் பார்க்காமல், "மேல இருந்து சொல்றாங்க மாமா, நாங்க என்ன செய்ய" என்றான். அவனுடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். வீட்டுச் சாமானை விட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று அவன் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பான். அதைச் சொல்லிக் குத்த வாய் வந்தது. சொல்லவில்லை. பிளேன்ரீ மட்டும் கொடுக்கவில்லை. இப்போது மாதம் ஒரு தரம் நானே அவர்களுடைய ஒஃபிசுக்குப் போய், தூண்டில் விற்ற காசில் ஒத்துக்கொண்ட அளவைக் கட்டி, ரசீதுத் துண்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். தண்டப் பணத்தைச் சட்டத்தரணி பேசிக் குறைத்துவிட்டது. வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கடன் முடியவில்லை, ஆனால் முடியும்.

உன் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்காஹ் பேச்சு நிற்கப்போகிறது என்று நீ பயந்தாய். நான் தில்லையடிக்கு நேரே போனேன், அவர்கள் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன், மூத்திரப் பை உட்பட. அந்த மனுசி, "எங்கட வீட்டுலயும் கடனுக்கு அலுமாரிச் சாவிய ஒராள்ட குடுத்து வச்சிருக்கோம் மச்சான், சொல்ல வெக்கம்" என்றாள். பிறகு சட்ட உதவி இடத்துக்கு வழி கேட்டாள். உன் நிக்காஹ் நிற்கவில்லை.

ஆகவே கல்யாண வீட்டுக்கு வருகிறவனுக்குச் சொல்ல இதுதான் என்னிடம் இருக்கிறது. உன் பெண்சாதியின் நகை அவளுடையது. அவளைக் கேட்காமல் அடகு வைக்காதே, கேட்கும்போதும் அவள் இல்லை என்று சொல்ல இடம் வைத்துக் கேள். சம்பளம் விழுகிற கார்டை யார் கையிலும் வைக்காதே, சிரித்துப் பேசுகிறவன் கையில் இன்னும் வைக்காதே. கடன் எடுத்தால் வெட்கப்படாதே, ஒளிக்காதே. ஒளிக்கிறவனைத்தான் இவர்கள் பிடிப்பார்கள். யாராவது வீட்டுச் சாமானில் கை வைத்தால், முதலில் கடதாசியைக் கேள், பிறகு கோபப்படு. நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன், ஆகவே வழி எனக்கு நன்றாகத் தெரியும். உடம்பு போதும் என்று சொன்னால், மேஸ்திரி என்ன சொன்னாலும் நிறுத்து.

இன்னொருவனைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். பாயிஸ், உன்னோடு பந்தடித்தவன். போன பருவத்தில் அட்டைக்கு முழுகி என்னைப் போலவே படுத்துவிட்டான். அவன் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. நான் வண்டியில் போய்ப் பார்த்தேன். அவன் பெண்சாதி பேரிலும் அதே குழுக் கடன். கொடுப்பனவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், அது வந்ததும் கார்டைக் கொடுப்பதாக அவர்கள் ஏற்கெனவே வாய் கொடுத்துவிட்டார்கள். நான் என் சாரத்தை ஒதுக்கிப் பையைக் காட்டினேன். உனக்குக் காட்ட வெட்கப்பட்டதை அவனுக்குக் காட்டினேன். கார்டைக் கொடுக்க மாட்டேன் என்று அவன் சொன்னான். அவனுக்கு இன்னும் வண்டி கிடைக்கவில்லை, பிரதேச செயலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தவணைத் தம்பி சொன்ன நாள் ஒன்று வரத்தான் போகிறது, மகன். அவன் சொன்னதில் அது மட்டும் பொய் இல்லை. ஸப்பெல்லாம் நிற்க, நீ முன்னுக்கு வந்து, வாப்பா யாருக்காவது கடனா என்று கேட்பாய். குரல் நடுங்காமல் கேள். யாராவது வந்தால் துண்டைப் பார், உள்ளதை உள்ளபடி ஒத்துக்கொள், கட்டு. யார் வண்டியைக் கேட்டாலும் கொடுக்காதே. அது கடனுக்குச் சேராது, உனக்கும் வாரிசுச் சொத்தாகச் சேராது. என்னைக் குளிப்பாட்ட எடுப்பதற்கு முன்னமே, காற்றடித்து, பெட்டியோடு பாயிஸ் வீட்டுக்கு அனுப்பிவிடு. அன்றைக்கு எனக்கு அது தேவைப்படாது. முதல் தடவை நாலு பேர் என்னைத் தூக்கியபோது நீ இங்கே இல்லை. அடுத்த தடவை முன்பக்கத்தில் ஒரு பிடி உன்னுடையது.

உன் வாப்பா